மீதிக் கதை நாளைக்கு

2024 பிப்ரவரியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 6.2 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் எல்லைக்கோடு, 6.5 தொட்டால் நீரிழிவு. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம்மா, தினமும் நடங்க, ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் அப்பாவுக்குச் சர்க்கரை முற்றிக் கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது, அந்தப் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றியது நான்தான், அதனால் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் காலையே கிளம்பிவிட்டேன். பதினோரு நாள் நடந்தேன். பன்னிரண்டாம் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள், பதிமூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை, அப்புறம் ஏப்ரல் வரைக்கும் நடக்கவே இல்லை.

இவ்வளவு பயம் இருந்தும் ஏன் நின்றது என்று நிறைய யோசித்திருக்கிறேன். பயம் படுக்கையிலிருந்து கிளப்பிவிடும், அது உண்மை. ஆனால் ஒரு வாரத்தில் அது பழகிவிடுகிறது, பழகிப்போன பயத்துக்கு அலாரத்தை அணைக்கிற கையைத் தடுக்கும் பலம் கிடையாது. அந்தப் பதினோரு நாளும் நான் செய்தது என்ன? எங்கள் கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன், நூறு அடிக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பத்தாயிரம் ஆகிவிட்டதா என்று பார்த்தேன், ஆகவில்லை என்றதும் இன்னொரு சுற்று. ஒன்றரை மணி நேரம் அதற்கே போனது. வீட்டுக்கு வந்தால் சமையல் தாமதம், பள்ளிக்கூடம் கிளம்புவதில் அவசரம் (நான் கணக்கு ஆசிரியை), எல்லார் மேலும் எரிச்சல். இப்படி ஒரு காரியத்தை யார்தான் மறுநாளும் செய்ய ஆசைப்படுவார்கள்?

அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது என்று பின்னால்தான் படித்தேன். 1965-ல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதற்கு வைத்த பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்ற பொருள் தரும் ஜப்பானியச் சொல். விற்பனைக்காக வைத்த ஒரு பெயர் இன்றைக்கு நம் எல்லார் போனிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையில் அடிக்கணக்கே கிடையாது. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை, அவ்வளவுதான். அந்த 150 நிமிடமும் ஒரே மூச்சாக இருக்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். அது என்னால் முடியும் என்று தோன்றியது.

ஜிம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பேர் அங்கே ஆரம்பித்து அங்கேயே நின்றுபோகிறார்கள். 2022-ல் மூன்று மாதத்துக்குப் பணம் கட்டி ஒன்பது நாள் போனேன். அந்த இடத்தில் எந்தக் குறையும் இல்லை. என் கொழுந்தனாருக்கு ஜிம் என்றால் உயிர், எடை தூக்கி இறக்குகிற சத்தத்தைக் கேட்டாலே அவர் முகம் மலர்ந்துவிடும். எனக்கு நான்கு சுவருக்குள் ஓடுவது பிடிக்கவில்லை. பிடிக்காததை நல்லது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்துகொண்டே இருக்கலாம் என்று நினைத்தேன், அதுதான் தப்பு. அவருக்கு எது விளையாட்டோ அது எனக்கு வேலை.

சரி, ஏப்ரலில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். புதுப்பாளையத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார், வயது 61, அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் சாயந்திரம் வாசலில் நின்றுகொண்டு, "ஏம்மா, காலையில பீச்சு வரைக்கும் போலாம்னு இருக்கேன், இருட்டா இருக்கு, நாய் வேற. துணைக்கு வரியா?" என்று கேட்டார். எனக்கு நடக்கும் எண்ணமே இல்லை. அவருக்குத் துணையாகத்தான் போனேன். மறுநாள் காலை 5.20-க்கு வாசலில் வந்து நின்றுவிட்டார். அலாரமாக இருந்திருந்தால் அணைத்திருப்பேன், வாசலில் நிற்கிற அக்காவை என்ன செய்ய முடியும்?

பீச் ரோடு வழியாகப் பெரியார் கல்லூரியைத் தாண்டி வெள்ளிக் கடற்கரைக்குப் போய்ச் சேரும்போது கிழக்கே வெளுத்திருக்கும். நாற்பத்து மூன்று வருடம் இந்த ஊரிலேயே இருக்கிறேன், கடலில் சூரியன் கிளம்புவதை அதற்கு முன் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று எண்ணினால் ஒரு கை விரல் போதும். பீச் என்றால் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், சுண்டல், பிள்ளைகளின் பலூன், மாசி மகக் கூட்டம், அவ்வளவுதான். விடியற்காலைக் கடற்கரை வேறு ஊர். தேவனாம்பட்டினத்துப் படகுகள் வந்து சேர்கிற நேரம், வலையை உதறி மீனைப் பிரிக்கிற பெண்கள், காகம், மண்ணில் நண்டு போன கோடு. முதல் நாளே அக்கா நெத்திலி வாங்கினார், நானும் வாங்கினேன். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நடந்துவிட்டு வந்தோம் என்ற நினைப்பே இல்லை, மீன் வாங்கிவிட்டு வந்தோம் என்றுதான் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது, எனக்குப் போய்ச் சேர ஒரு இடம் வேண்டும். வட்டமாகச் சுற்றுவதற்கு என் கால்கள் ஒப்புக்கொள்ளாது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கடல்கூட இல்லை, அக்காவின் கதை. அக்கா நெல்லிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். நடக்கும்போது தன் வீட்டுக் கதையைச் சொல்வார், அவருடைய பெரிய அக்காவின் கல்யாணத்தன்று புயல் அடித்துப் பந்தல் பறந்தது, மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது, சமைத்த சோற்றைத் தெருவுக்கே போட்டது என்று. சரியாக மாப்பிள்ளை வீட்டார் ஆற்றைக் கடந்தார்களா இல்லையா என்கிற இடத்தில் எங்கள் தெரு முனை வந்துவிடும். "மீதிய நாளைக்குச் சொல்றேன்" என்று கேட்டைத் திறந்து உள்ளே போய்விடுவார். மத்தியானம் வீட்டுக்கே போய்க் கேட்டிருக்கிறேன், சொல்லவே மாட்டார். "அது நடக்கும்போது சொல்ற கதை."

இதே தந்திரத்தை அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2014-ல் வெளிவந்த ஆய்வு அது. விறுவிறுப்பான நாவல்களை ஒலிவடிவில் கொடுத்து, ஜிம்முக்கு வந்தால் மட்டுமே கேட்க முடியும் என்று வைத்தார்கள். ஆரம்பத்தில் அந்தக் குழு மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தது. அப்புறம் நாளாக ஆக அந்த வித்தியாசம் குறைந்தது, விடுமுறை வந்ததும் ஏறக்குறைய காணாமலே போனது. இரண்டாவது பாதியையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் அனுபவமும் அதுதான். 2024 ஆகஸ்டில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகப் புதுச்சேரி போய் ஒரு மாதம் தங்கிவிட்டார். நான் போனில் ஒலிக்கதைகளை வைத்துக்கொண்டு தனியாக நடந்தேன், நடக்கும்போது மட்டும்தான் கேட்பது என்று ஒரு கட்டுப்பாடு, ஒரு காதில் மட்டும் இயர்போன் (பைக்கும் நாயும் வருவது கேட்க வேண்டும், பெண்கள் இதை மறக்கவே கூடாது). இரண்டு வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் கதையைப் படுக்கையிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டேன். கதை என் கையில் இருந்தது, அதனால் கட்டுப்பாடும் என் கையில் இருந்தது, அது தளர்ந்தது. அக்காவின் கதை அக்காவிடம் இருக்கிறது, அதை அவர் இல்லாமல் கேட்க முடியாது. யாராவது ஒரு ஆளோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்கு இதுதான் காரணம்.

பேசிக்கொண்டே நடப்பதில் இன்னொரு வசதி, வேகம் தானாகச் சரியாகிவிடும். பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும், மிதமான உழைப்பு என்பதற்கு டாக்டர்களே சொல்கிற அடையாளம் அது. அக்கா புயல் காட்சியில் வேகமாகிவிடுவார், அப்போது எனக்குப் பேச்சு வராது, "ம்" மட்டும்தான். சோற்றுப் பந்தியில் மெதுவாகிவிடுவார். கடிகாரமெல்லாம் தேவையே படவில்லை.

மணலில் ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்யாதீர்கள். முதல் வாரத்தில் ஆர்வத்தில் காய்ந்த மணலில் வெறுங்காலோடு நீள நடந்துவிட்டு, இரண்டு நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்க முடியவில்லை. பெல்ஜியத்தில் 1998-ல் வெளிவந்த ஒரு ஆய்வுப்படி, கெட்டியான தரையில் நடப்பதைவிட மணலில் நடக்க 2.1 முதல் 2.7 மடங்கு வரை சக்தி செலவாகிறது. கால் புதைகிறது, ஒவ்வொரு தடவையும் மணலைத் தள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கிறது. அப்படியானால் அது நல்ல பயிற்சிதான், ஆனால் முதல் நாளுக்கு உரியது இல்லை. இப்போது அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் கொஞ்சம், மீதி ரோட்டில். ஈர மணல் கடல் பக்கமாகச் சரிந்திருக்கும், ஒரு பக்கமாகவே போனால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும், போன வழியே திரும்பி வந்தால் சரியாகிவிடும்.

அக்கா புதுச்சேரியில் இருந்த அந்த மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் பிடித்துப் போய், அங்கே கடற்கரைச் சாலையில் அவரோடு நடந்தேன். சாயந்திரம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டி விட மாட்டார்கள், ஒன்றரை கிலோமீட்டர் சாலை முழுக்க நடப்பவர்களுக்கே. செஞ்சியிலிருந்து கொண்டுவந்து நட்ட கல்தூண்களுக்கு நடுவில் நிற்கும் காந்தி சிலையைத் தாண்டி டூப்ளே சிலை வரைக்கும் போய்த் திரும்பினோம். அங்கே எனக்குப் பிடித்தது மனிதர்கள். வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் பையன், எதிரே வருகிறவர்கள் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டு போகிற ஒரு அம்மா, புடவைக்குக் கீழே ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட எத்தனையோ பெண்கள். அதுவரைக்கும் நான் ஷூ வாங்கவில்லை. சுடிதாருக்கு ஷூ போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நடந்தால் யார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சம், ரப்பர் செருப்பில் நடந்து குதிகால் வலி. அந்த ஞாயிறே நேரு வீதியில் ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஏறினேன். எங்கள் தெருவில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண், எங்கே வாங்கினீங்க என்று மட்டும் கேட்டாள், இப்போது அவளும் எங்களோடு வருகிறாள்.

வீட்டுக்குள் நடக்க வேண்டிய மாற்றத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பெண்களுக்கு அதுதான் முதல் தடை. மனசு வைத்தால் எழுந்துவிடலாம் என்பார்கள். 5.20-க்கு நான் வெளியே போனால் பால் யார் காய்ச்சுவது, தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டார் யார் போடுவது, பையனை யார் எழுப்புவது? ஒரு நாள் உட்கார்ந்து கணவரிடம் நேராகவே பேசினேன், எனக்கு 50 நிமிடம் வேண்டும், அந்த நேரத்தில் இந்த மூன்று வேலையும் உங்களுடையது என்று. தயங்கினார், ஆனால் செய்கிறார், இப்போது காபியும் அவர்தான் போடுகிறார், என்னைவிட நன்றாகவே போடுகிறார். இந்தப் பேச்சை நடக்காமல் வைத்துக்கொண்டு மன உறுதியை மட்டும் நம்பியிருந்தால் நான் மறுபடியும் பதினோராவது நாளில்தான் நின்றிருப்பேன்.

சனிக்கிழமைகளில் வழியை மாற்றுவோம். ஒரு தடவை கெடிலம் ஆற்றோரம் செயின்ட் டேவிட் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 1690-ல் ஆங்கிலேயக் கம்பெனி அந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் உள்ள கிராமங்களும் கம்பெனிக்கே என்று பேச்சு, நாலா பக்கமும் சுட்டு எல்லை குறித்தார்கள். குண்டு உப்பலவாடி என்ற பெயருக்கு எங்கள் ஊரில் சொல்கிற காரணம் அதுதான். இதை வீட்டில் சொன்னதும் என் பன்னிரண்டு வயதுப் பையன், குண்டு விழுந்த இடம் வரைக்கும் போகலாம் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். போனைக் கையிலிருந்து பிடுங்காமல் அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனது அன்றைக்குத்தான்.

நின்றுபோவதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நின்றுதான் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது, அடுத்த நாட்களில் தென்பெண்ணையில் வெள்ளம், எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு குடும்பம் எங்கள் வீட்டில். மூன்று வாரம் ஷூவைத் தொடவே இல்லை. பழைய நானாக இருந்தால் அத்தோடு முடிந்தது. அக்கா ஒரு நாள் வந்து, "கடலுக்கெல்லாம் வேண்டாம், டீக்கடை வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றார். பத்து நிமிடம்தான். மறுநாளும் டீக்கடை. நான்காம் நாள் நாங்களே டீக்கடையைத் தாண்டிப் போய்விட்டோம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு பழக்கம் தானாக வர எத்தனை நாள் ஆகும் என்று அதை வைத்துக் கணித்தார்கள். சராசரி 66 நாள், ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை. இருபத்தொரு நாளில் எல்லாம் வந்துவிடும் என்று கேட்டு ஏமாந்தவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில், நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்றும் கண்டார்கள். என் முதல் முயற்சி நின்றது பன்னிரண்டாம் நாள் தவறியதால் இல்லை, தவறிவிட்டதே இனி என்ன என்று நான் விட்டதால்.

மழை நாட்களுக்கு வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு. குக்கர் வைத்துவிட்டு விசில் வரும் வரைக்கும் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது, அடுத்த விசில் வரும் வரைக்கும் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. இளையராஜா பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். மூன்று விசிலில் தொடை சூடாகிவிடுகிறது. வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வேலை என்ற கணக்கு அதிலேயே முடிந்துவிடும்.

அப்புறம், எடையை எழுதி வைப்பதை நிறுத்திவிட்டேன். அது மெதுவாகத்தான் நகரும், பார்க்கப் பார்க்கச் சோர்வுதான் வரும். அதற்குப் பதில் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் அன்று பார்த்த ஒன்றை எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறேன். 'நெத்திலி.' 'அக்கா கதையில் மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.' 'மூடுபனி, கடலே தெரியவில்லை.' பிப்ரவரியில் ஒரு நாள் 'பங்குனி ஆமை வந்துபோன தடம்', முட்டையிட வந்திருக்கிறது, வனத்துறைக்காரர்கள் முட்டைகளைக் குஞ்சு பொரிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோம்பலாக இருக்கிற காலையில் அந்த டப்பாவைத் திறந்து நாலு தாளைப் படிப்பேன். பெரும்பாலும் அது போதும்.

2025 பிப்ரவரியில் எடுத்த பரிசோதனையில் 5.9. இன்னும் எல்லைக்கோட்டில்தான் இருக்கிறேன், எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. ஆனால் ராத்திரி படுத்ததும் தூக்கம் வருகிறது, வகுப்பில் நாலு பீரியட் நின்றாலும் கால் கெஞ்சுவதில்லை.

இப்போது அக்காவுக்கு முட்டி வலி. டாக்டரிடம் காட்டியாகிவிட்டது, நடக்கலாம், படியும் ஏறலாம், மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்று சொல்லியிருக்கிறார். புரட்டாசி சனிக்கிழமை திருவந்திபுரம் போய் எதிரே மலை மேல் இருக்கும் ஹயக்ரீவரைப் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை, அங்கே 74 படி. அதனால் ஆடி பிறந்ததிலிருந்து கடற்கரையிலிருந்து திரும்பியதும் எங்கள் வீட்டு மாடிப்படியில் பழகுகிறோம். முதல் வாரம் ஒரு தடவைதான் ஏறினார், இப்போது நடுநடுவே உட்கார்ந்து நான்கு தடவை ஏறிவிடுகிறார். எங்கள் மாடிக்கு 18 படி, நான்கு தடவைக்கு 72. மீதி இரண்டைத் தன் வீட்டு வாசற்படியில் ஏறி, "எழுபத்து மூணு, எழுபத்து நாலு" என்று எனக்குக் கேட்கிற மாதிரி எண்ணிவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்.